புளியந்தீவின் முன்வாசல்

மட்டக்களப்பைப் பார்க்க வருகிறவர்கள் இக்காலத்தில் பெரும்பாலும் புகைவண்டியிலோ பஸ்ஸிலோ வந்திறங்கி, கோட்டைமுனைப் பாலத்தைக் கடந்து, புளியந்தீவுக்குள் நுழைகிறார்கள். நுழைந்தவுடன் கடைவீதியின் இரைச்சலும் முச்சக்கரவண்டிகளின் நெரிசலும் எதிர்ப்பட, பழைய பட்டினம் என்று சொன்னார்களே அது எங்கே என்று நாலு பேரை விசாரித்து, கோட்டையை ஒரு தரம் சுற்றி வந்து, கல்லடிப் பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, பாடும் மீன் இப்போதும் பாடுகிறதா என்று வண்டிக்காரனிடம் கேட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே யாவும் பார்த்தாயிற்று என்ற திருப்தியுடன் பாசிக்குடாவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பிழை அவர்களுடையதன்று. கொல்லைப்புறத்தால் வீட்டுக்குள் வந்தவனுக்கு அடுப்படியும் கிணற்றடியும் தெரியுமே அல்லாது, முன்விறாந்தையின் அழகு தெரிய நியாயமில்லை. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இத்தீவில் கோட்டை கட்டியது முதல் 1928ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை மட்டக்களப்பை வந்தடைந்தது வரையில், முந்நூறு வருஷ காலம், இவ்வூருக்கு வந்த அந்நியரும் உத்தியோகஸ்தரும் பாதிரிமாரும் வியாபாரிகளும் பிரதானமாக நீர்வழியே வந்தார்கள். ஆதலால் இங்கே கட்டப்பட்டவற்றுள் முக்கியமானவை நீரைப் பார்த்தே கட்டப்பட்டன. தரைவழி திறந்த பின்னர் ஊர் மெல்ல மெல்ல மறுபக்கம் திரும்பிக்கொண்டது. புளியந்தீவைச் சுற்றிப் பார்ப்பதென்பது, என் அபிப்பிராயத்தில், அந்தப் பழைய முகப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதேயாகும்.

வாவியின் விஷயத்தை முதலிற் சொல்லாமல் தீவின் விஷயத்தைச் சொல்ல இயலாது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, கடலுக்குச் சமாந்தரமாக, ஒடுங்கிய மணற்றரை ஒன்றினால் மாத்திரம் கடலினின்று பிரிக்கப்பட்டுக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் சொல்வர். எழுவான்கரையிலே தென்னந்தோட்டமும் மீன்பிடியும் நெசவும் நெருங்கிய குடியிருப்பும். படுவான்கரையிலே வயலும் குளமும் எருமைப்பட்டியும் காடும். ஒரு கரையின் நெல்லும் தயிர்முட்டியும் விறகும், மறுகரையின் தேங்காயும் கருவாடும் துணியும் இடம்மாறிக்கொண்டது தோணிகளினாலேயாம். மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்குப் போகிற எழுவான்கரையார், இங்கே 'பாதை' என்று வழங்கும் மிதவையில் மாட்டுவண்டியோடும் மோட்டார்ச் சைக்கிளோடும் ஏறித்தான் அக்கரை சேர்ந்தார்கள். அக்கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதியின் கண்ணெதிரே கல்நந்தி எழுந்து புல்லைத் தின்று அவனை உதைத்துத் தள்ளிய கதையை, பாதை நகர்ந்துகொண்டிருக்கையில் யாராவது ஒரு கிழவர் சொல்லக் கேட்பது அந்த யாத்திரையின் ஓர் அங்கமாகவே இருந்தது. பாலம் வந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் பாலத்தின்மேல் மோட்டார்ச் சைக்கிளில் போகிறவனுக்கு அந்தக் கதையைச் சொல்வார் யார்?

இந்த நீண்ட வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குச் சமீபமாக, நாற்புறமும் நீர் சூழ்ந்து, ஒரு கோட்டையும் ஒரு சிறு பட்டினமும் அமைவதற்கு அளவெடுத்தாற்போன்று கிடந்த திட்டுத்தான் புளியந்தீவு. பழைய மட்டக்களப்பு அரசியலின் நடுவிடம் இதுவன்று. வாவியின் தென்பகுதியில், சம்மாந்துறைப் பக்கத்திலே, உள்நாட்டுத் தலைவர்கள் இருந்து ஆண்டார்கள் என்றும், மட்டக்களப்பு என்ற பெயரும் அப்பிரதேசத்துக்கே முன்னர் உரியதாயிருந்து, கோட்டை எழுந்த பின்னரே புளியந்தீவின்மேல் ஏறியது என்றும் சரித்திரம் எழுதினோர் கூறுவர். உள்நாட்டார்க்கு வேண்டியது வயலுக்கும் குளத்துக்கும் அண்மையான இடம். கடலோடி வந்தவர்க்கு வேண்டியது வேறு: வாய்க்கு அருகே இருக்கவேண்டும், ஆயினும் புயலும் பகைவர் பீரங்கியும் நேரே வந்து தாக்கக்கூடாது, பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் மணற்றடையைத் தாண்டி உள்ளே வந்து போகக்கூடிய தூரமாக இருக்கவேண்டும். அந்தக் கணக்குக்குப் புளியந்தீவு பொருந்திற்று.

கோட்டைக்கு முன்னரே அந்நியர் வந்துவிட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். 1602ஆம் ஆண்டு மே மாத முடிவில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்துக் கடற்றலைவன் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டான். வெள்ளைத்தோலைக் கண்டால் போர்த்துக்கேயன் என்றே எண்ணிப் பழகிய உள்ளூர்த் தலைவன் அவனைச் சந்தேகத்தோடு விசாரித்து, பின்னர் கண்டிக்குப் போக அனுமதித்தான். அங்கே விமலதர்மசூரியன் அவனை அளவுகடந்த மரியாதையோடு வரவேற்றான். போர்த்துக்கேயரை விரட்ட ஒரு துணை கிடைத்தது என்ற அரசனது ஆனந்தம் ஒரு வருஷமே நிலைத்தது. அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட் என்பவன், தான் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்தோரை அரசனுடைய விருப்பத்துக்கு மாறாக விடுதலை செய்துவிட, 1603ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே அரசனோடு நேர்ந்த வாக்குவாதத்தில் அவனும் அவனுடன் வந்தோர் பலரும் வெட்டுண்டு மாண்டார்கள். இவ்வாவிக்கரையில் ஐரோப்பியரோடு நம்மவர் செய்த முதலாவது சிநேகம் இங்ஙனம் முடிந்தது. பெரிய நகரங்களில் இவ்விதச் சம்பவம் நிகழ்ந்திருந்தால் ஒரு கல்வெட்டாவது நட்டிருப்பார்கள். இங்கே அதைப் பற்றிப் பேசுவாருங்கூட அரியர்.

கண்டியரசன் கிழக்குக் கடல்வழியே பிறநாட்டாரோடு தொடர்பு வைப்பதை அடைத்துவிடவேண்டும் என்று கண்ட போர்த்துக்கேயர், முதலில் திருகோணமலையில் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். பின்னர் கொன்ஸ்தந்தீனு தெ சா அதிபதியாயிருந்த காலத்தில், 1628இல், புளியந்தீவில் மற்றொன்றை எழுப்பினார்கள். அது அவர்கள் கையில் பத்து வருஷமே இருந்தது. 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் தேதி, ஒல்லாந்துக் கடற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்ட் பீரங்கிகளால் தாக்க, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனுடைய படை கரையிலே நிற்க, கோட்டை பணிந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே. ஐந்து நாட்கள் கழித்து இங்கேயே எழுதப்பட்ட உடன்படிக்கையில்தான், பின்வந்த ஒன்றரை நூற்றாண்டின் தலைவிதி அடங்கியிருந்தது. பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றிய வாசகத்தில், 'அரசன் விரும்பினால்' என்ற நிபந்தனை அரசனிடமிருந்த பிரதியில் உண்டு; ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்களத்தில் வழங்கும் பழமொழி, போர்த்துக்கேயனைத் துரத்தி ஒல்லாந்தனைக் கொண்டுவந்த இந்த இராஜதந்திரத்தை எண்ணியே பிறந்தது என்பர். ஒல்லாந்தர் இடையிலே சில காலம் கோட்டையை அரசனிடம் விட்டு நீங்கி, 1660களில் திரும்பவும் வந்து உறுதியாகக் குந்திக்கொண்டார்கள். 1795ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்தபோது இங்கே சொல்லத்தக்க போர் எதுவும் நடைபெறவில்லை.

இப்போது கோட்டைக்குப் போவோம். காலியில் உள்ளதைப்போன்ற பிரமாண்டத்தையோ யாழ்ப்பாணத்து ஐங்கோணத்தின் கம்பீரத்தையோ எதிர்பார்த்து வருகிறவன் ஏமாந்துபோவான். இது நான்கு கொத்தளங்கள் கொண்ட சிறிய சதுரம். இரண்டு பக்கத்தில் வாவியே அகழி, மற்ற இரண்டு பக்கத்தில் வெட்டிய கால்வாய். கரும்பச்சையான பாசி படர்ந்து, இடையிடையே ஆலஞ்செடி வேரூன்றி, கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் தடித்த மதில்கள். மதில்மேல் ஏறினால் பழைய பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வாவியைப் பார்த்த பழைய வாசல், உள்ளே வருகிறவன் ஒருவனுக்குப் பின் ஒருவனாக வரவேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்ட ஒடுங்கிய வளைவு. அதன்மேல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் வீ, ஓ, சீ என்ற மூன்றெழுத்துகள் பின்னிய முத்திரை செதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அம்மூன்றெழுத்தையும் கண்டு ஒரு கணம் திகைப்பதுண்டு. ஆங்கிலேயக் கம்பனிக் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டவருடைய பெயரையும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளால் அல்லவா சுருக்குகிறார்கள். நிற்க, அந்த வாசலிலே நின்று வெளியே பார்த்தால் கோட்டையின் கருத்து முழுவதும் விளங்கிவிடும். எதிரே அகன்ற நீர். வருகிற தோணி எதுவாயினும் நெடுநேரத்துக்கு முன்னரே கண்ணிற்படும். சுங்கம் அறவிடவும் சுடவும் வேண்டிய அவகாசம் தாராளமாக உண்டு. கச்சேரிக்குப் போனவர்கள் தரைப்பக்கத்து வழியாகவே வந்து போனதால், இந்த வளைவினடியில் நின்று வாவியைப் பார்க்க அநேகருக்குச் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை.

கச்சேரி என்றேன். ஆங்கிலேயர் இக்கோட்டையை யுத்தத்துக்கு வேண்டாமென்று விட்டு, நிர்வாகத்துக்கு வைத்துக்கொண்டார்கள். சிவப்பு ஓடு வேய்ந்த கட்டடங்களிலே அரசாங்க அதிபரின் காரியாலயம் இருந்தது. காணி உறுதிக்கும் பென்சனுக்கும் பிறப்பத்தாட்சிக்கும் படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்த குடியானவன், விடியற்காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலை மதில் நிழலில் அவிழ்த்துத் தின்றுவிட்டு, முதலியாருடைய முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். ஆலிலை நிழலும் பைல்களின் மணமும் கலந்த அந்தக் கச்சேரி வாழ்க்கைதான் கோட்டையை அழியாமற் காத்தது என்பது என் துணிபு. பயன்படாத கோட்டையின் கற்களை ஊரார் வீட்டு அத்திவாரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போவது உலகமெங்கும் நடப்பதுதான். பைல்கள் இருந்தமையால் கற்களும் இருந்தன.

பத்து வருஷமே கோட்டை வைத்திருந்த போர்த்துக்கேயர் இங்கே விட்டுச்சென்ற வேறொன்று, கல்லினும் உறுதியாக நிலைத்தது. புளியந்தீவின் ஒழுங்கைகளிலும், வாவிக்கு அப்பால் டச்பாரிலும், போர்த்துக்கேய மொழியின் ஒரு கிளையை வீட்டுக்குள்ளே பேசி வந்த பறங்கியர் குடும்பங்களைப் பற்றிச் சொல்லுகிறேன். கொழும்புப் பறங்கியர் ஆங்கிலம் கற்று உத்தியோகங்களிலே அமர்ந்து, பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மட்டக்களப்புப் பறங்கியரோ ஓடாவிகளாகவும் கொல்லர்களாகவும் சப்பாத்துத் தைப்பவர்களாகவும் இயந்திரம் திருத்துபவர்களாகவும் கைத்தொழிலையே நம்பி இருந்தார்கள். பழைய வீடுகளின் தேக்கங்கதவையும் அலுமாரியையும் லாச்சியையும் செய்தவர் யார் என்று கேட்டால், அநேகமாக ஒரு பறங்கி ஓடாவியின் பெயரே வரும். பட்டறையிலே தமிழ், கோயிலிலே தமிழோ ஆங்கிலமோ, வீட்டிலே போர்த்துக்கேயம். நூற்றாண்டுக் கணக்காகத் தமிழின் நடுவே வாழ்ந்தமையால் அம்மொழி வினையை வாக்கியத்தின் கடைசியிலே கொண்டுபோய் வைக்கக் கற்றுக்கொண்டது. 1970களில் இதனை ஆராய்ந்த இயன் சிமித் என்னும் மொழியியலாளர், சொற்கள் போர்த்துக்கேயமாயும் வாக்கியத்தின் எலும்பு தமிழாயும் இருப்பதை விரிவாகக் காட்டினார். அவர்களுடைய கலியாண வீட்டிலே வயலினும் றபானும் முழங்க, ஆணும் பெண்ணும் இணையிணையாக நின்று ஆடும் கஃப்றிஞ்ஞாவைப் பார்த்தவர்கள், இந்நாட்டுப் பைலாவின் மூலம் எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரிக்கமாட்டார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை டச்பாரை அள்ளிக்கொண்டு போயிற்று; தப்பியவர்களிற் பலர் வாவியின் இப்பக்கத்திலே, பனிச்சையடியில், புதிய வீடுகளில் குடியேறினார்கள். சிதறிப்போன குடியிருப்போடு வீட்டுமொழியும் சிதறுவது இயல்பு. இன்று அதைப் பேசுவோரிற் பெரும்பாலோர் முதியோரே. சுற்றுலாப் புத்தகங்கள் கோட்டைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்குவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

கோட்டையிலிருந்து வாவிக்கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் மட்டக்களப்பு வாசல் என்று வழங்கும் பழைய இறங்குதுறையை அடையலாம். வில்லியம் ஓல்ட் என்ற இளம் வெஸ்லியன் பாதிரியார் 1814ஆம் ஆண்டில் இத்துறையிலேதான் வந்திறங்கினார். அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த முதற் கூட்டத்து மிசனரிமாருள் ஒருவர் அவர். மற்றையோர் காலிக்கும் மாத்தறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பிரிந்து போக, மட்டக்களப்புக்குத் தனியாளாக வந்தார். வந்த சில மாதங்களுள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, தமிழ் படித்து, ஊர்ஊராக அலைந்து, காய்ச்சலில் விழுந்து, 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். ஒரு வருஷங்கூட முழுமையாக இவ்வூரில் இருக்காத மனிதர். அவர் போட்ட விதையே இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. வாவிக்கரையில் அவருக்கு ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள். அவர் மதத்தை ஏற்றவர்கள் சிலரே, அவர் பள்ளிக்கூடத்தை ஏற்றவர்கள் பலர். இது மட்டக்களப்பாருடைய விவேகத்துக்கு ஓர் உதாரணம் என்று கொள்ளலாம்.

கத்தோலிக்கர் பின்தங்கிவிடவில்லை. புனித மரியாள் பேராலயத்தைச் சூழ்ந்த வீதிகளிலே அவர்களுடைய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1873இல் சிறிய பாடசாலையாகத் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கு, பொன்னல் சுவாமியார் என்ற பிரெஞ்சுச் சேசு சபைக் குரு, தாமே முன்னின்று, இச்சிறு தீவின் அளவுக்கு மிஞ்சியதாகத் தோன்றும் பெருங்கட்டடத்தை எழுப்பினார். வாவியில் தோணியிற் போகையிலே பார்த்தால் அந்தக் கட்டடம் எவ்வளவு ஆலோசித்து நிறுத்தப்பட்டது என்பது தெரியும். வீதியிலிருந்து பார்த்தால் பெரிய கட்டடம் ஒன்று என்பது மாத்திரமே தெரியும். பிரெஞ்சுக் குருமார் கட்டினார்கள். பின்வந்த அமெரிக்கக் குருமார் கூடைப்பந்தாட்டம் பழக்கினார்கள். அவர்களுள் வெபர் சுவாமியாருடைய பெயரால் ஒரு விளையாட்டரங்கு இன்றும் இருக்கிறது. மட்டக்களப்புப் பையன்கள் கொழும்புப் பெரிய கல்லூரிகளைத் தோற்கடித்த கதைகளை அங்கே மாலைவேளையில் இலவசமாகக் கேட்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்து பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாக விளங்கியவரும் மிக்கேல் கல்லூரி மாணவரே. பறங்கியர் மதப் பள்ளியில் விஞ்ஞானம் கற்ற அதே மனிதர், இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, 1929இல் வாவியின் அக்கரையிலே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றி, அவ்வாண்டிலேயே மறைந்து, அந்த வித்தியாலயத்து மண்ணிலே சமாதி கொண்டார்.

ஒரு தீவிலே இத்தனை மதத்தாரும் இனத்தாரும் ஒருவர் கட்டியதன் எதிரே மற்றொருவர் கட்டுவதைப் பார்க்கையில், கொரியா தேசத்துச் சொஞ்சு நகரத்தின் பழைய பகுதி நினைவுக்கு வருகிறது. அங்கே ஏறக்குறைய எழுநூறு ஓட்டு வீடுகள், ஹானொக் என்பவை, கூரை கூரையாக நெருங்கி நிற்கின்றன. அவை அநாதிகாலத்து வீடுகள் என்று எண்ணிப் படம் பிடிக்கிறவர்கள் பலர். உண்மையிலே ஜப்பானியர் ஆட்சியில், நகர மதில் இடிக்கப்பட்டு ஜப்பானிய வியாபாரிகள் உள்ளே பெருகியபோது, அதற்கு மாறாகக் கொரியர் தங்கள் முன்னோர் முறையில் 1930களை அடுத்துக் கட்டிக்கொண்ட வீடுகளே அவற்றிற் பெரும்பாலானவை. அவ்வீடுகளின் நடுவே, 1410ஆம் ஆண்டில் எழுந்து சொசொன் வம்சத்து முதலரசனுடைய சித்திரத்தைக் காக்கும் மண்டபமும், அதன் எதிரே பிரெஞ்சுக் குருமார் முன்னின்று 1914இல் கட்டி முடித்த கத்தோலிக்கக் கோயிலும் இருக்கின்றன. இடிந்த மதிலின் கற்களை அக்கோயிலின் அத்திவாரத்துக்கு இட்டார்கள் என்பர். அரசமண்டபமும் பரதேசிக் கோயிலும் எதிரெதிரே நிற்பதை மறைக்காமல், அதையே தங்கள் சரித்திரம் என்று காட்டுவதற்குக் கொரியர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பழைய உடுப்பை வாடகைக்கு வாங்கி அணிந்து வீதியிலே உலாவும் இளைஞர் கூட்டமும் அங்கே உண்டு; அது எனக்கு ருசிக்கவில்லை, எனினும் அந்த வாடகைப் பணத்தில்தான் எத்தனையோ கூரைகள் ஒழுகாமல் இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. புளியந்தீவில் உடுப்பு வாடகைக் கடையும் இல்லை, ஒழுகாத பழைய கூரையும் அதிகமில்லை.

பாடும் மீனைப் பற்றிச் சொல்லாமற் போனால் மட்டக்களப்பார் மன்னிக்கமாட்டார்கள். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த காலனித்துவச் செயலாளர் எமர்சன் தென்னந்த், நிலாக் காலத்திரவு கோட்டைக்கருகே படகில் சென்று நீரிலிருந்தெழும் ஓசையைத் தாமே கேட்டு, பிற்பாடு தம் நூலில் எழுதினார். உலகம் அதன் பிறகே இவ்விஷயத்தைக் கவனித்தது. அவரோடு போன மீனவர்கள் அதை மீனின் பாட்டு என்று சொல்லவில்லை. ஊரி குழறுகிறது என்றார்கள். நீரடியிலே கிடக்கும் ஊரிச் சிப்பிதான் சத்தமிடுகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை, சில ஊரிகளை அவருக்கு எடுத்தும் காட்டினார்கள். ஊரி பின்தங்கி மீன் முன்வந்தது எப்படியென்றால், படம் போடவும் முத்திரை அடிக்கவும் மீன் அழகாயிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. விபுலாநந்தர் இரண்டையும் விட்டு, நீரரமகளிர் பாடுவதாகவே கற்பனை செய்து மகிழ்ந்தார். அமெரிக்கக் குருமார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி அச்சத்தத்தைப் பதிவு செய்தார்கள். கேட்கும் முறை இதுதான்: வைகாசி ஆனி மாதங்களில், காற்றடங்கிய பூரணை இரவிலே, கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியிற் போய், சவளின் தட்டையான பக்கத்தை நீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதிலே வைத்துக்கொள்ளவேண்டும். பாலத்தின்மேல் லொறி போகாதிருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் இக்காலத்தில் எல்லாவற்றிலும் கடினமானது.

அந்தப் பாலமே நீர்வழிக்கு முதலாவது அடி. 1924ஆம் ஆண்டில், தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரால் இரும்புச் சட்டங்களைப் பொருத்தி அதைக் கட்டியபோது, எழுவான்கரை முழுவதற்கும் தோணியில்லாமற் பட்டினம் வர வழி பிறந்தது. நாலு வருஷத்தில் புகைவண்டி வந்தது. கொழும்புக் கடிதமும் கொழும்பு உத்தியோகஸ்தரும் கொழும்புச் சரக்கும் வடக்குப் பக்கத்தால் வரத் தொடங்க, கடைகள் பாலத்தையும் பெருந்தெருவையும் நோக்கி இடம்பெயர்ந்தன. வாவிக்கரையிலே குப்பை கொட்டும் வழக்கம் அதற்குப் பிறகே ஆரம்பித்திருக்கவேண்டும், தலைவாசலிலே எவன்தான் குப்பை போடுவான்? கப்பல்களுக்கு வழிகாட்டவென்று 1913இல் பாலமீன்மடுவிலே நாட்டிய வெளிச்சவீடு, வழிகாட்டக் கப்பலில்லாமல் நின்றுபோயிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதிச் சூறாவளி பழைய ஓடுகளையும் தென்னைகளையும் ஒரே இரவில் பிடுங்கியெறிந்தது. அதையடுத்து வந்த யுத்த காலத்தில் பாலங்கள்தோறும் சோதனைச் சாவடிகள் நின்றன. இரவிலே வாவியில் தோணி விடுவதே அபாயமாயிற்று. தலைமுறை ஒன்று வாவியை வேலிக்கு இப்பாலிருந்தே பார்த்து வளர்ந்தது. 2013இல் பழைய பாலத்துக்குப் பக்கத்திலே ஜப்பானியர் உதவியால் அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டு, மனிங் சீமாட்டியின் பாலம் இப்போது மாலையிலே காற்று வாங்குவோருக்கும் தூண்டில் போடுவோருக்கும் உரியதாயிருக்கிறது.

அண்மையிலே மாவட்டச் செயலகம் திராய்மடுவிலே கட்டிய புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்தது. கச்சேரி போய்விட்ட கோட்டையை என்ன செய்வது என்ற கேள்வி இதனால் எழுந்திருக்கிறது. நூதனசாலை, உணவுச்சாலை, கைப்பணிக் கடை என்று பல யோசனைகளைப் பலர் சொல்கிறார்கள். இவற்றிலே எது வந்தாலும் ஆட்சேபமில்லை. ஆனால் சீட்டு விற்கும் மேசையை மாத்திரம் தரைப்பக்கத்திலே போடாதிருக்கவேண்டும். கல்லடியிலோ மட்டக்களப்பு வாசலிலோ யாத்திரிகர்களைத் தோணியில் ஏற்றி, ஓல்ட் பாதிரியாரின் சிலையையும் மிக்கேல் கல்லூரியையும் நீரிலிருந்தே காட்டி, கோட்டையின் ஒடுங்கிய பழைய வளைவுக்கெதிரே இறக்கி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே அனுப்பலாம். அதற்கு வேண்டிய தோணிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதைகளும் பாலங்களாகிவிட்ட பின்னர், துறைகளிலே அவர்களுக்குப் போதிய வேலையில்லை. வேண்டிய செலவு, இறங்குதுறையிலே நாலு படிக்கட்டும், அகழிப்பக்கத்துப் பற்றையை வெட்டுவதற்கு நாலு ஆட்களுந்தான்.